குறைந்த செலவில் குடும்பக் கணினி: பாகம் பாகமாகத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ போய் நின்றால் முதல் கேள்வி "ஐ3 போடட்டுமா, ஐ5 போடட்டுமா?" என்றுதான் வரும். கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனில் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்டை மாற்றித் தரும் பெட்டி) என்ற இடத்தில் பெயரே இருக்காது. "கேபினெட்டோடு வரும்" என்பார்கள். வீட்டுக் கணினி இரண்டாம் ஆண்டிலேயே படுத்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பெயரில்லாத இடத்தில்தான் இருக்கிறது. ஐ3, ஐ5 என்று சொல்லும் பிராசஸர், அதாவது கணினியின் மூளை, பழுதாவது மிக அரிது. பழுதாவது எஸ்எம்பிஎஸ், அது இழுத்துக்கொண்டு போகும் மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் செருகும் பலகை), மலிவு எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்). ஆகவே இந்த வழிகாட்டியில் பிராசஸருக்கு எவ்வளவு இடமோ, அதைவிடக் கூடுதலான இடம் கரண்டுக்கு.

படி 1: வேலையை எழுதிக்கொள்ளுங்கள்

பிள்ளைகளின் பாடம், வீடியோ வகுப்பு, அலுவலகக் கோப்புகள், வங்கி வேலை, டேலி, படம் பார்ப்பது, எப்போதாவது சிறு விளையாட்டு. பெரும்பாலான வீடுகளின் பட்டியல் இவ்வளவுதான். இதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. "சும்மா ஒரு 2 ஜிபி கார்டு போட்டுக்கொள்ளுங்கள்" என்று 2014இல் வந்த ஜிடி 710, ஜிடி 730 கார்டுகளை இன்னமும் விற்கிறார்கள். இன்றைய பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இந்த வேலைகளுக்குப் போதும். அந்தப் பணத்தை ரேமுக்கும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கொடுங்கள்.

வீட்டில் யாராவது பெரிய 3டி விளையாட்டோ தொழில்முறை வீடியோ எடிட்டிங்கோ செய்வதாக இருந்தால் கணக்கே வேறு; அது இந்த வழிகாட்டிக்கு வெளியே.

படி 2: பிராசஸர்

"ஐ5" என்பது தலைமுறையைச் சொல்லாது. முதலில் விழும் பள்ளம் இதுதான். "ஐ5, 8 ஜிபி, 500 ஜிபி, புத்தம் புதிது" என்று வியக்கும் விலையில் வரும் அசெம்பிள்டு கணினிகளுக்குள் பல நேரம் இருப்பது 2011, 2012இல் வந்த ஐ5-2400 அல்லது ஐ5-3470. கூடவே அதே காலத்து எச்61 வகை மதர்போர்டு. போர்டு புதிதாக அச்சிட்டதாக இருக்கலாம். பிராசஸர் ஏதோ அலுவலகத்தில் பத்தாண்டு உழைத்துக் கழற்றியது. எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஐ5-3470இல் 3 என்பது மூன்றாம் தலைமுறை; ஐ3-12100இல் 12 என்பது பன்னிரண்டாம் தலைமுறை. இன்டெல் என்றால் விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. ஆகவே மூன்றாம் தலைமுறை ஐ5, வங்கி வேலை நடக்கும் வீட்டுக்கு மலிவு அல்ல.

குறைந்த செலவில் இரண்டு தேர்வுகளை நிதானமாக ஒப்பிடலாம்.

இன்டெல் ஐ3-12100: 4 கோர் (வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசைகள்). உள்ளேயே யுஎச்டி 730 கிராபிக்ஸ். யூடியூபில் இப்போது பரவலாக வரும் ஏவி1 வகை வீடியோவை இது வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும். ஆவணம், உலாவி, டேலி, வகுப்பு எல்லாவற்றுக்கும் தாராளம்.

ஏஎம்டி ரைசன் 5 5600ஜி: 6 கோர், 12 த்ரெட். இதன் கிராபிக்ஸ், ஐ3யில் இருப்பதைவிட வலுவானது; மைன்கிராஃப்ட் போன்றவற்றைப் பிள்ளைகள் ஓட்டுவார்கள் என்றால் இதுவே நல்லது. ஏவி1 வீடியோவுக்கு வன்பொருள் ஆதரவு இல்லை. ஆறு கோர் இருப்பதால் 1080பி வீடியோ தடையின்றி ஓடும். சற்றுக் கூடுதல் மின்சாரம் செலவாகும், அவ்வளவே.

விளையாட்டு இல்லாத வீட்டுக்கு எங்கள் முதல் தேர்வு ஐ3-12100. பிறகு வலு போதவில்லை என்றால் அதே சாக்கெட்டில் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) 6 கோர் கொண்ட ஐ5-12400ஐ மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தை விட்டுவிடாதீர்கள். ஐ3-12100எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டரை இணைத்தால் திரை கறுப்பாகவே இருக்கும். ஏஎம்டியில் ரைசன் 5 5500உம் அப்படியே. 5600ஜியில் உள்ள கிராபிக்ஸைக் காட்டும் "ஜி" என்ற எழுத்து அதில் இல்லை. விலை கொஞ்சம் குறைகிறது என்று இவற்றை வாங்கிவிட்டு, பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு ஓடுகிறவர்கள் பலர்.

பெட்டியோடு வரும் பிராசஸரில் கூலரும் (சூட்டைத் தணிக்கும் ஃபேன்), தயாரிப்பாளரின் மூன்றாண்டு வாரன்டியும் உண்டு. "ட்ரே" என்று தனியாக விற்பதில் கூலர் இருக்காது, வாரன்டியும் கடைக்காரர் வாய்ச்சொல்தான். வித்தியாசம் சிறிதென்றால் பெட்டியையே வாங்குங்கள். இந்த வகைப் பிராசஸர்களுக்குப் பெட்டியில் வரும் கூலரே போதும். தண்ணீர்க் கூலர் எல்லாம் வீண்.

படி 3: மதர்போர்டு

ஐ3-12100க்கு எச்610 போர்டு. 5600ஜிக்கு ஏ520 அல்லது பி450 போர்டு. கடையில் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெட்டியிலேயே சரிபாருங்கள்.

ஒன்று, ரேம் வகை. எச்610இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயர் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ரேமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் நுழையாது. இரண்டு, எம்.2 இடம் (எஸ்எஸ்டியை நேரடியாகப் போர்டில் செருகும் இடம்) இருக்கிறதா, அது என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையை ஏற்கிறதா. மூன்று, பின்பக்கம் மானிட்டரை இணைக்க எச்டிஎம்ஐ இருக்கிறதா. சில மலிவு போர்டுகளில் பழைய வகை இணைப்பான விஜிஏவுக்கு முக்கியத்துவம் கொடுத்திருப்பார்கள்.

கடையில் நாள்பட்டுக் கிடந்த எச்610 போர்டில் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைப் பிராசஸரைப் போட்டால் திரை வராமல் போகலாம்; போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் பழையது. பழைய பி450 போர்டில் 5600ஜி போட்டாலும் அதே கதை. விற்கும் கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் செய்யும்போது நடுவில் கரண்ட் போனால் போர்டு செங்கல்போல உயிரற்றதாகிவிடும்.

படி 4: ரேம்

16 ஜிபி. அதுவும் ஒரே 16 ஆக அல்ல, 8 ஜிபி இரண்டாக. பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை; ரேமையே பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 25.6 ஜிபி பாதை. இரண்டு இருந்தால் 51.2 ஜிபி. 5600ஜியில் இந்த வித்தியாசம் விளையாட்டில் கண்ணுக்கே தெரியும். சாதாரண உலாவலில் அவ்வளவு தெரியாது.

2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் இப்போது ஒரு 8 ஜிபி மட்டும் போட்டு, மற்ற இடத்தைக் காலியாக விட்டு, பிறகு அதே வேகத்தில் இன்னொன்று சேர்க்கலாம். நியாயமான சிக்கனம் அது. 4 ஜிபியில் தொடங்குவது நியாயமல்ல. விண்டோஸும் உலாவியுமே அதைத் தின்றுவிடும்.

படி 5: எஸ்எஸ்டி

விண்டோஸ் இருக்கும் வட்டு ஹார்ட் டிஸ்க்காக இருக்கவே கூடாது. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். பழைய வகையான சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். சாதாரண என்விஎம்இ 2000க்கு மேல் போகும். வீட்டு வேலையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலை அருகருகே இருப்பதாலும், தனி வயர் தேவையில்லை என்பதாலும்தான் என்விஎம்இ. எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் உண்டு. போர்டு ஏற்காவிட்டால் செருகினாலும் கணினிக்கு அது தெரியாது.

வாரன்டி மூன்றாண்டா ஐந்தாண்டா என்று பாருங்கள். கேள்விப்படாத பெயரில் பாதி விலைக்கு 1 டிபி கிடைக்கிறது என்றால் தொடாதீர்கள். உள்ளே சிறு கொள்ளளவு மெமரியை வைத்துப் பெரிய எண்ணைக் காட்டும் போலிகள் உலவுகின்றன. நிரம்பும்போது பழைய கோப்புகள் அழியும். 500 ஜிபி வட்டு விண்டோஸில் 465 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். எண்ணும் முறை வேறு, குறைவு அல்ல.

கல்யாண ஆல்பமும் குழந்தைகளின் படங்களும் இந்த ஒரே எஸ்எஸ்டியில் மட்டும் இருக்கக் கூடாது. எஸ்எஸ்டி பழுதானால் ஹார்ட் டிஸ்க்போல முனகி எச்சரிக்காது. ஒரு காலையில் காணாமல் போகும். வெளியே செருகும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மாதம் ஒரு முறை நகல் எடுங்கள்.

படி 6: எஸ்எம்பிஎஸ், எர்த், யூபிஎஸ்

இந்தக் கணினி சும்மா இருக்கும்போது 25 முதல் 40 வாட், முழு உழைப்பிலும் 120 வாட்டைச் சுற்றியே இழுக்கும். அப்படியானால் கேபினெட்டோடு வரும் "450 வாட்" போதாதா? ஒட்டியிருக்கும் எண்ணை நம்ப முடியாது என்பதுதான் சிக்கல். லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். உண்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அங்கே 33 முதல் 37 ஆம்பியர் இருக்கும். 12ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 400 வாட்டும் அதற்கு மேலும் வரும். இலவச எஸ்எம்பிஎஸ்ஸில் 14, 16 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 200 வாட்கூட வராது. கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடும்.

எடைக் குறைவு, உள்ளே விட்டுப்போன பாதுகாப்புப் பாகங்களின் அடையாளம். மின்னழுத்தம் எகிறும்போது தன்னை நிறுத்திக்கொள்ளத் தெரியாத எஸ்எம்பிஎஸ், போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்தே எரிக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்திறன் சான்றுள்ள 450 வாட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். மொத்தக் கொட்டேஷனில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

அடுத்து, உள்வரும் மின்னழுத்தம். லேபிளில் 200–240 வோல்ட் என்றும் இருக்கும், 100–240 வோல்ட் என்றும் இருக்கும். மாலையில் பம்பு செட்டுகள் ஓடும் நேரம் 170, 180க்கு இறங்கும் ஊர்களில் முதல் வகை திடீர் திடீரென்று கணினியை மறுதொடக்கம் செய்யும். ரேம் கோளாறு, விண்டோஸ் கோளாறு என்று எதையெதையோ மாற்றிப் பார்ப்பார்கள். 100–240 என்றிருப்பதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் பழுதில்லை; உங்கள் வீட்டுச் சுவரில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் எர்த்தை நம்பியே அமைந்தவை. எர்த் இல்லாவிட்டால் உலோகப் பெட்டியில் உள்வரும் மின்னழுத்தத்தின் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், நின்றுகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால்தான் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் அதே நிலையில் பென் டிரைவையோ எச்டிஎம்ஐ கேபிளையோ செருகினால் போர்ட் எரியலாம். எலெக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருக்கும் அதே அளவு காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் ஜங்ஷன் பாக்ஸில் செருகும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சிறு பிள்ளைகள் தொடும் பெட்டி இது.

யூபிஎஸ்: 600 விஏ போதும், அதன் உண்மையான வலு பெரும்பாலும் 360 வாட். கணினி 60 வாட், மானிட்டர் 20 வாட் என்றால் கால் மணி நேரம் தாராளமாகத் தாங்கும். சேமித்து, மூடி, நிறுத்தப் போதுமான நேரம். லேசர் பிரின்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். உள்ளே சூடேறும் உருளை சூடேறும் கணத்தில் பல நூறு வாட் இழுத்து யூபிஎஸ்ஸைத் திணறடிக்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதென்றால் தனி யூபிஎஸ் இல்லாமலும் சமாளிக்கலாம். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் "யூபிஎஸ்" நிலைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால் கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறுவது வேகமாக நடக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாங்குவது ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான்; அதற்குள் மாற வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் எஸ்எம்பிஎஸ் ரீங்கரிக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கவலையில்லை.

படி 7: கேபினெட்

முன்பக்கம் வலை, பின்பக்கம் ஒரு ஃபேன், மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவுப் போர்டு பொருந்தும் இடம். வண்ண விளக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். பின்பக்கக் காலித் துளைகளின் தகடுகளைக் கழற்றி எறியாதீர்கள். எறும்பும் பல்லியும் அந்த வழியாகத்தான் நுழைகின்றன, பல்லி ஒன்று போர்டின் மேல் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். துடைப்பத்தூசி குறையும்.

படி 8: மானிட்டர், கீபோர்டு, நெட்

மானிட்டர் இந்தக் கணினியின் ஆயுளையும் தாண்டி வரும். 22 அல்லது 24 அங்குலம், 1920×1080, ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை). 1366×768 திரையில் எழுத்து சொரசொரக்கும், எக்ஸெல் தாள் பாதிதான் தெரியும். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே மேசை என்பதால் உயரம் மாற்றும் நாற்காலி, மானிட்டரைவிட முக்கியமாகக்கூடும்.

இந்த விலைப் போர்டுகளில் வைஃபை பெரும்பாலும் இருக்காது. கடைக்காரர் சொல்லவும் மாட்டார். ரவுட்டர் அதே அறையிலென்றால் கேட்6 நெட் வயர் ஒன்று எந்த டாங்கிளையும் (யுஎஸ்பியில் செருகும் வைஃபை கருவி) வெல்லும். தூரமென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையையும் பிடிக்கும் யுஎஸ்பி டாங்கிள் வாங்குங்கள். வீடியோ வகுப்புக்கு வெப்கேமும் மைக்கோடு கூடிய ஹெட்செட்டும் தனியாகக் கணக்கிடுங்கள். மடிக்கணினிபோல இவை உள்ளே இல்லை.

படி 9: பணம் இன்னும் போதவில்லை என்றால்

மேலே சொன்னதைப் பாதியாக வெட்டுவதைவிட, அலுவலகங்களிலிருந்து கழிந்த கம்பெனிக் கணினி ஒன்றை வாங்குவது மேல். ஐ5-8500 பிராசஸர் கொண்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை. 6 கோர், விண்டோஸ் 11 ஏற்கும், எஸ்எம்பிஎஸ்ஸும் தரமானது. விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும். குறை ஒன்று: எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்தந்த கம்பெனியின் தனி அளவு. போனால் சந்தைச் சரக்கு பொருந்தாது. வாங்கியதும் எஸ்எஸ்டியை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.

படி 10: பில்

ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். "அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1" என்ற ஒற்றை வரிப் பில்லை வைத்து எஸ்எஸ்டிக்கு வாரன்டி கேட்க முடியாது. பெட்டிகளையும் வாங்கி வாருங்கள். விண்டோஸ் உரிமத்துக்குப் பணமில்லை என்றால் அதற்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுங்கள். கடையில் போட்டுத் தரும் திருட்டு விண்டோஸோடு வரும் "ஆக்டிவேட்டர்" வைரஸின் வாசல். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், லினக்ஸ் மின்ட் இரண்டிலும் உண்டு.

படி 11: பூட்டுவது

கடையில் பூட்டினாலும் அருகில் நின்று பாருங்கள். வீட்டில் பூட்டினால், முதலில் கேபினெட்டுக்கு வெளியே மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துப் பிராசஸர், கூலர், ஒரு ரேம் மட்டும் போட்டுத் திரை வருகிறதா என்று பார்ப்பது நல்லது. பிழை இருந்தால் அங்கேயே தெரியும்.

இன்டெல் சாக்கெட்டின் முட்கள் போர்டில் இருக்கின்றன. விரல் பட்டாலே வளையும், வளைந்தால் வாரன்டி போகும். இன்டெல் கூலரின் நான்கு கால்களையும் குறுக்கு மூலைகளாக அழுத்தி, நான்கிலும் "கிளிக்" கேட்க வேண்டும். ஒரு கால் பாதியில் நின்றால் பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது அணைந்துவிடும். ஏஎம்டி ஏஎம்4இல் முட்கள் பிராசஸரில் இருக்கின்றன. கூலரைக் கழற்றும்போது நேராக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின், மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

ரேமை இருபுறமும் சத்தம் வரும்வரை அழுத்துங்கள். "ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை" என்பதற்குப் பாதி காரணம் ஒருபக்கம் மட்டும் உட்கார்ந்த ரேம். மீதிப் பாதியில் பெரும்பங்கு, போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கான 8 முள் வயரைச் செருக மறந்தது. டிடிஆர்5 போர்டானால் முதல் முறை ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் திரை கறுப்பாக இருக்கும், அவசரப்பட்டு அணைக்காதீர்கள். முன்பக்க யுஎஸ்பி 3.0 வயரைக் கோணலாகச் செருகினால் போர்டின் முட்கள் மடங்கும்.

டிடிஆர்4 3200 ரேம் என்றால் பயாஸில் அதன் வேகம் 3200 காட்டுகிறதா பாருங்கள். 2400, 2666 என்று இருந்தால், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்குங்கள். ஏஎம்டி போர்டில் டிஓசிபி என்ற பெயரிலும் இருக்கும்.

படி 12: முதல் வாரச் சோதனை

சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து பிராசஸரின் பெயரையும், ரேம் இரண்டு வழியாக ஓடுகிறதா என்பதையும் பில்லோடு ஒப்பிடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டி ஓடிய மணிநேரம் பாருங்கள். புதிது என்றால் சில மணிநேரம்தான் இருக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் இருந்தால் அன்றே திரும்பிப் போங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை மாற்றக் கேளுங்கள். கடைகள் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவது முதல் சில நாட்களில்தான். அதன் பிறகு சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியிருக்கும்.

கடைசியாக, யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கணினி அணையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டு வரும். இன்றைய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி யூபிஎஸ்ஸின் மேல் ஒட்டிவிடுங்கள்.